படநூல் ஓவியங்களை விருதுக்கு மதிப்பிடும் முறை: கால்டெகாட் விதிகளைக் கொண்டு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஆண்டின் சிறந்த சிறார் படநூலுக்காக அதன் ஓவியருக்கு வழங்கப்படுவது கால்டெகாட் பதக்கம். அதன் முடிவு வழக்கமாகச் சனவரி மாதத்தில் வெளியாகிறது. அதற்கு முந்தைய வாரங்களில் அங்குள்ள பல நூலகங்களும் பள்ளிகளும் அதே விதிகளை வைத்துக்கொண்டு தங்களுக்குள் ஒத்திகைத் தேர்வு நடத்துகின்றன. அத்தகைய அமர்வில் முதன்முறையாக நடுவராக உட்காரப்போகும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும், அதை நடத்த எண்ணும் நூலகத் தன்னார்வலர்களுக்கும் பயன்படும்படி இதை எழுதுகிறேன்.

புதிய நடுவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு படத்தையும் சுவரில் மாட்டிய ஓவியமாக நினைத்துத் தனித்தனியே அதன் அழகை அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். படநூலில் ஒரு படத்தின் வேலை, முந்தைய பக்கத்திலிருந்து எதையோ வாங்கி அடுத்த பக்கத்துக்குக் கொண்டுசேர்ப்பது. அந்த வேலையைக் கண்ணில் படவைப்பதற்காகவே கீழ்க்காணும் படிகள் இந்த வரிசையில் அமைந்துள்ளன. ஆகவே வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. எந்த விருதின் விதி என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

எல்லா விருதுகளும் ஒரே பொருளை மதிப்பிடுவதில்லை. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது ஓவியர் ஒருவர் அதுவரை செய்த பணி முழுவதையும் கருத்தில் கொள்கிறது. பிராட்டிஸ்லாவாவில் 1967 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேச ஓவியக் கண்காட்சியில் மூல ஓவியங்களே நடுவர்கள் முன் வைக்கப்படுகின்றன. கால்டெகாட் நடுவர் குழுவோ, முந்தைய ஓராண்டில் அச்சாகி வெளிவந்த ஒரு நூலை மட்டும் எடுத்துக்கொண்டு, அச்சான நிலையில் அது என்னவாக இருக்கிறது என்று பார்க்கிறது.

இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்தாதவர்கள், "இவருடைய முந்தைய நூல் இதைவிடச் சிறப்பாக இருந்தது" என்றோ, "இவருக்கு இதுவரை விருது கிடைக்கவே இல்லையே" என்றோ பேசத் தொடங்குவார்கள். கால்டெகாட் விதிகளின்படி இந்த இரண்டு வாதங்களுக்கும் இடமில்லை. மேசைமேல் இருக்கும் அந்த ஆண்டின் நூல்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். வேறு எதையும் துணைக்கு அழைக்கக் கூடாது.

2. முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

நூலின் அச்சுப் பிரதி கட்டாயம் வேண்டும். கணினித் திரையில் வண்ணம் மாறித் தெரியும். பக்கங்கள் தைக்கப்பட்ட நடுமடிப்பு தெரியவே தெரியாது. நூலின் உண்மையான அளவும் கைக்குப் புலப்படாது. வெளியீட்டுக்கு முன் பதிப்பகங்கள் அனுப்பும் கட்டப்படாத தாள்களைப் பார்த்து ஒரு கருத்து உருவாகியிருந்தால், முழுமையான நூல் வந்ததும் மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நூலகப் பிரதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மேலுறை கிழியாமல் இருப்பதற்காக அதன் மடிப்புகளை உள்ளே ஒட்டிவிடுவார்கள். இதனால் அட்டையை அடுத்துள்ள ஒட்டுத்தாளில் வரைந்த படத்தின் ஒரு பகுதியும், மேலுறைக்குக் கீழே கெட்டி அட்டையில் அச்சிட்ட படமும் மறைந்துபோகும். பல ஓவியர்கள் கதையை ஒட்டுத்தாளிலேயே தொடங்கிவிடுகிறார்கள். ஆகையால் மேலுறை ஒட்டப்படாத பிரதி ஒன்றேனும் குழுவிடம் இருக்கட்டும்.

படநூல்களில் பெரும்பாலும் பக்க எண் இருக்காது. திறந்து வைத்த நூலில் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்களைச் சேர்த்து "விரிப்பு" என்று கொண்டு, முதல் விரிப்பிலிருந்து எண்ணி, சிறிய ஒட்டுத்துண்டுகளில் எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள். வழக்கமான படநூல் 32 பக்கங்கள் கொண்டது என்பதால் இது சில நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் அமர்வுக்கு வந்தால், "அந்த மரம் வருமே, அந்தப் பக்கம்" என்று தேடுவதிலேயே பாதி நேரம் கழிந்துவிடும்.

இவற்றோடு, ஆறாம் படியில் வரும் அளவுகோல்களின் அச்சுப் பிரதி ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். நல்ல பகல் வெளிச்சமுள்ள இடத்தில் அமர்வது வண்ணங்களைச் சரியாகப் பார்க்க உதவும்.

3. தகுதியைச் சரிபாருங்கள்

ஓவியர் அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருக்க வேண்டும். நூல் ஆங்கிலத்தில், அமெரிக்காவில், முந்தைய நாட்காட்டி ஆண்டில் வெளியாகியிருக்க வேண்டும். வாசகர்கள் 14 வயது வரையிலான சிறாராக இருக்கலாம். சென்னையின் தாரா புக்ஸ் கருநிறத் தாளில் கையால் அச்சிட்டு வெளியிட்ட "தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்" 2008இல் இத்தாலியின் போலோஞ்ஞா ராகாட்ஸி விருது பெற்றது. ஆனால் அதை வரைந்த, கோண்டு பழங்குடியைச் சேர்ந்த ஓவியர்கள் இந்தியாவில் வாழ்பவர்கள் என்பதால் கால்டெகாட்டுக்கு அந்நூல் தகுதி பெறாது. தகுதி வேறு, தரம் வேறு. மனத்தைக் கவர்ந்த பிறகு ஒரு நூலை விலக்குவது கடினம் என்பதால் இந்தச் சோதனையை முதலிலேயே முடித்துவிட வேண்டும்.

"படநூல்" என்ற சொல்லையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கதை, கருப்பொருள், கருத்து ஆகியவற்றின் ஒருமை தொடர்ச்சியான படங்களின் வழியே உருவாகி, குழந்தைக்கு அடிப்படையில் ஒரு காட்சி அனுபவமாக அமைவதே படநூல் என்று விதிகள் வரையறுக்கின்றன. பக்கங்களின் எண்ணிக்கை இதில் கணக்கில்லை. 500 பக்கங்களுக்கு மேல் நீளும் "தி இன்வென்ஷன் ஆஃப் ஹியூகோ கேப்ரே" 2008இல் பதக்கம் பெற்றது இந்த வரையறையால்தான். அதில் பென்சில் ஓவியங்கள் பக்கம் பக்கமாகத் தொடர்ந்து, எழுத்து நின்ற இடத்திலிருந்து கதையை எடுத்துச் செல்கின்றன.

4. முதல் பார்வை: எழுத்தைப் படிக்காமல் படங்களை மட்டும் பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இது. நூலைக் கையில் எடுத்ததும் கண் தானாக எழுத்துக்குத்தான் போகும். எழுத்தைப் படித்துவிட்டால், படம் சொல்லாததையும் சொன்னதாக மனம் நிரப்பிக்கொள்ளும். பிறகு அதைப் பிரித்தறிவது இயலாது. முதல் பார்வை ஒருமுறைதான் கிடைக்கும்.

எழுத்துப் பகுதியை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, முன்னட்டை தொடங்கிப் பின்னட்டை வரை மெதுவாகப் புரட்டுங்கள். யாருடைய கதை, எங்கே நடக்கிறது, எந்த இடத்தில் திரும்புகிறது, எங்கே உங்களுக்குப் புரியாமல் போயிற்று என்பவற்றை விரிப்பு எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சுற்றில் தீர்ப்பு எதுவும் எழுத வேண்டாம்.

பக்கத்தைப் புரட்டும் கணத்தைத் தனியாகக் கவனியுங்கள். வலப்பக்கத்தின் ஓரத்தில் ஒரு கால் மட்டும் தெரிகிறதா, ஒருவர் பக்கத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறாரா, புரட்டியதும் கிடைப்பது அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றுகிறதா அல்லது திசைதிருப்புகிறதா என்று பாருங்கள். படநூல் ஓவியரின் கையில் இருக்கும் மிகப் பெரிய கருவி இந்தப் புரட்டல்தான் என்பது என் உறுதியான கருத்து. தனிப்படமாகப் பார்த்தால் மிகச் சாதாரணமாகத் தோன்றும் ஒரு விரிப்பு, புரட்டலின் பயனாக நூலின் உச்சமாக அமைந்துவிடுவதும் உண்டு.

5. இரண்டாம் பார்வை: எழுத்தோடு சேர்த்து உரக்கப் படியுங்கள்

இப்போது எழுத்தையும் சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். குழந்தையிடம் இந்நூல் பெரும்பாலும் ஒரு பெரியவரின் குரல் வழியாகவே போய்ச்சேர்கிறது. காதில் எழுத்தும் கண்ணில் படமும் ஒரே நேரத்தில் சேரும்போது என்ன நடக்கிறது என்பதை அறிய மௌன வாசிப்பு போதாது.

எழுத்தும் படமும் ஒன்றையே சொல்கின்றனவா, ஒன்று விட்ட இடத்தை மற்றது நிரப்புகிறதா, ஒன்றையொன்று மறுக்கின்றனவா என்று பாருங்கள். 2013இல் பதக்கம் பெற்ற ஜான் கிளாஸனின் "திஸ் இஸ் நாட் மை ஹாட்" மறுத்தலுக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பெரிய மீனின் தொப்பியைத் திருடிக்கொண்டு போகும் சின்ன மீன்தான் கதையைச் சொல்கிறது. பெரிய மீன் நெடுநேரம் விழிக்காது என்று அது சொல்லும்போது, படத்தில் பெரிய மீனின் கண் திறந்திருக்கிறது. தன்னைப் பார்த்த நண்டு யாரிடமும் சொல்லாது என்று அது நம்பும்போது, நண்டு திசையைக் காட்டிக்கொடுக்கிறது. ஏறக்குறைய கண்ணை மட்டும் மாற்றியே அந்தப் பெரிய மீனின் மனமாற்றம் முழுவதையும் ஓவியர் காட்டிவிடுகிறார். எழுத்தை மட்டும் படித்தவருக்கு இந்தக் கதையில் பாதி கிடைக்காது; படங்களை மட்டும் பார்த்தவருக்கும் கிடைக்காது.

6. மூன்றாம் பார்வை: ஐந்து அளவுகோல்கள், ஒவ்வொன்றாக

கால்டெகாட் விதிகள் ஐந்து அளவுகோல்களைத் தருகின்றன. ஐந்தையும் ஒரே மூச்சில் பார்க்க முயலாமல், ஒவ்வொன்றுக்கும் நூலை ஒருமுறை முழுதாகப் புரட்டுங்கள். சேர்த்துப் பார்த்தால் வலுவான ஓர் அம்சம் பலவீனமான மற்றொன்றை மறைத்துவிடும்.

முதலாவது, எடுத்துக்கொண்ட கலை நுட்பத்தைக் கையாண்ட திறன். இங்கே "எடுத்துக்கொண்ட" என்பதே முக்கியம். நீர்வண்ணத்தை நீர்வண்ணமாகவும், ஒட்டுச்சித்திரத்தை ஒட்டுச்சித்திரமாகவும், கணினியில் வரைந்ததை அதன் இயல்புக்கேற்பவும் மதிப்பிட வேண்டும். நிழற்படம்போல நுணுக்கமாக வரைந்திருப்பதையே திறமை என்று எண்ணுவது பரவலான பிழை. வெறும் வண்ணத்தாளை வெட்டி ஒட்டிய உருவத்தில், வெட்டுக் கோட்டின் உறுதியும் தாளின் தேர்வும்தான் திறமை. 1963இல் பதக்கம் பெற்ற எஸ்ரா ஜாக் கீட்ஸின் "தி ஸ்னோயி டே" நூலில் பனிவெளியில் தனியே தெரியும் அந்தச் சிவப்பு உடுப்பைப் பாருங்கள். முகத்தில் நுணுக்கம் ஏதும் இல்லாமலேயே சிறுவனின் தனிமையும் மகிழ்ச்சியும் எளிய வடிவங்களில் வந்துவிடுகின்றன.

இரண்டாவது, கதையையோ கருத்தையோ படத்தின் வழியே விளக்கும் திறன். எழுத்தில் உள்ளதை அப்படியே வரைந்திருந்தால் அது விளக்கமாகாது. படித்துப் புரிந்துகொண்ட ஒருவரின் பார்வை படத்தில் தெரிய வேண்டும். ஐந்தாம் படியில் எடுத்த குறிப்புகள் இங்கே நேரடியாகப் பயன்படும்.

மூன்றாவது, பாணியின் பொருத்தம். "எனக்கு இந்தப் பாணி பிடிக்கும்" என்பது இதற்கு விடையாகாது. இந்தக் கதைக்கு ஏன் இந்தக் கோடு, ஏன் இந்த வண்ணத் தொகுப்பு என்று கேளுங்கள். வேறொரு கதைக்கு இதே படங்களை ஒட்டினாலும் பொருந்திவிடும் என்று தோன்றினால், பாணி கதையிலிருந்து பிறக்கவில்லை என்று கொள்ளலாம்.

நான்காவது, கதைப்போக்கு, கருப்பொருள், மாந்தர், இடம், மனநிலை, தகவல் ஆகியவற்றைப் படங்கள் புலப்படுத்தும் விதம். மிக அதிக நேரம் தர வேண்டிய அளவுகோல் இது. 1964இல் பதக்கம் பெற்ற மாரிஸ் செண்டாக்கின் "வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்" நூலைக் கையில் எடுத்து, படங்களின் அளவை மட்டும் கவனித்துக்கொண்டே புரட்டுங்கள். தொடக்கத்தில் பெரிய வெள்ளை ஓரங்களுக்கு நடுவே சிறியதாக இருக்கும் படம், சிறுவனின் அறையில் காடு வளர வளரப் பக்கத்தை விழுங்கிக்கொண்டு போகிறது. சிறுவனும் அங்குள்ள காட்டு உருவங்களும் போடும் ஆட்டம் உச்சத்தை எட்டும்போது மூன்று விரிப்புகளில் எழுத்தே இல்லை. கடைசிப் பக்கத்திலோ படமே இல்லை, எழுத்து மட்டும்தான். படத்தின் அளவே சிறுவனின் மனநிலையைச் சொல்லிவிடுகிறது. இதைக் கவனிக்கப் பழகிய கண், மற்ற நூல்களில் ஓரங்களும் சட்டங்களும் காரணத்தோடு வந்திருக்கின்றனவா, வெறும் அலங்காரமா என்பதை உடனே பிரித்துவிடும்.

இதே அளவுகோலின் கீழ் தொடர்ச்சியையும் தகவலின் சரித்தன்மையையும் சோதியுங்கள். மூன்றாம் விரிப்பில் இடக்கையில் இருந்த வளையல் நான்காம் விரிப்பில் காரணமின்றி வலக்கைக்கு மாறியிருந்தால், குழந்தைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். குறிப்பிட்ட ஒரு சமூகத்தைக் காட்டும் நூலானால், உடை, சமையலறை, வழிபாடு, வீட்டமைப்பு ஆகியவற்றை அந்தச் சமூகத்தை அறிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். தமிழ்க் குடும்பம் என்று கதை சொல்லும்போது, புடைவைக் கட்டும் வாசல் கோலமும் வேறெந்த ஊருக்கோ உரியனவாக இருந்தால், அது ரசனை வேறுபாட்டில் சேராது. தகவல் பிழையாகவே குறிக்க வேண்டும்.

ஐந்தாவது, குழந்தையை வாசகராக மதித்துப் படைத்திருக்கும் சிறப்பு. குழந்தையின் புரிதலையும் ஆற்றலையும் ரசனையையும் நூல் மதிக்கிறதா என்பதே கேள்வி. பெரியவர்களின் பழைய நினைவுகளைத் தடவிக்கொடுக்கும் அழகான நூல்கள் இந்த இடத்தில்தான் பின்தங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். நல்ல நீதி சொல்கிறது என்பதற்காகவோ, மக்களிடையே புகழ்பெற்றது என்பதற்காகவோ இந்த விருது தரப்படுவதில்லை என்று விதிகளே வெளிப்படையாகக் கூறுகின்றன. அடுத்து, முடிவு முதன்மையாக ஓவியத்தைச் சார்ந்தது என்றாலும், எழுத்தோ வடிவமைப்போ நூலின் பயனைக் குறைக்குமானால் அதைக் கணக்கில் எடுக்கலாம். நடுமடிப்புக்குள் முதன்மை மாந்தரின் முகம் சிக்கிக்கொள்வதும், கரும்பச்சைப் பின்னணியில் கறுப்பு எழுத்து படிக்க முடியாமல் போவதும் இந்த வகைக் குறைகள்.

7. குழந்தைகளிடம் படித்துக்காட்டுங்கள், ஆனால் கைதூக்கச் சொல்லாதீர்கள்

"எந்தப் புத்தகம் பிடித்தது?" என்று கேட்டால் கடைசியாகப் படித்ததையோ, நண்பன் சொன்னதையோ குழந்தைகள் சொல்வார்கள். விருதும் புகழுக்கானதன்று. ஆகவே கேள்வியைத் தவிர்த்து, அவர்களுடைய கண்ணையும் விரலையும் கவனியுங்கள். எந்த இடத்தில் முன்னால் சாய்ந்தார்கள், எதைச் சுட்டினார்கள், எந்த விரிப்புக்குத் திரும்பப் போகச் சொன்னார்கள் என்பதே உங்களுக்குத் தேவை. பெரியவர்கள் கடந்துபோன மூலையில் ஓவியர் வைத்த சிறிய உருவத்தைக் குழந்தையின் விரல்தான் பெரும்பாலும் முதலில் தொடும்.

மடியில் வைத்துப் படிப்பதற்கென்றே உருவான சிறிய நூலை முப்பது குழந்தைகளுக்கு முன் தூக்கிக் காட்டிவிட்டு, படம் தெரியவில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது. நூலின் அளவுக்கேற்ப ஒரு குழந்தையோடோ குழுவோடோ படியுங்கள்.

8. ஒரே பக்கத்தில் குறிப்பெழுதுங்கள்

ஒவ்வொரு நூலுக்கும் ஒரே ஒரு தாள். கதைச்சுருக்கம் வேண்டாம், குழுவில் எல்லோரும் படித்திருப்பார்கள். ஒவ்வொரு கருத்துக்கும் அருகே விரிப்பு எண்ணும் அளவுகோலின் எண்ணும் இருக்க வேண்டும். "வண்ணங்கள் அருமை" என்ற வரியால் விவாதத்தில் யாரையும் நம்பவைக்க முடியாது. "ஏழாம் விரிப்பில் மஞ்சள் முழுவதும் விலகி நீலம் மட்டும் எஞ்சுகிறது, பாட்டி வீட்டில் இல்லை என்பதை எழுத்து சொல்வதற்கு முன்பே படம் சொல்லிவிடுகிறது" என்று எழுதினால், எல்லோரும் அந்த விரிப்பைத் திறந்து பார்த்து ஏற்கவோ மறுக்கவோ முடியும்.

9. விவாதம்: நிறையை முதலில் பேசுங்கள்

விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் உள்ள கூட்டுறவுச் சிறார் நூல் மையம் வகுத்த விவாத நெறிகள் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. ஒரு நூலைப் பற்றிய நிறைகளை எல்லோரும் சொல்லி முடித்த பிறகே குறைகளுக்குச் செல்ல வேண்டும் என்பது அவற்றில் முதன்மையானது. தொடக்கத்திலேயே ஒருவர் கடுமையான குறையைச் சொல்லிவிட்டால், நூலை விரும்பியவர்கள், அதிலும் புதியவர்கள், வாய்திறக்கத் தயங்குவார்கள். அதன்பின் நிறைகள் வெளியே வராமலே போய்விடும்.

நூல் என்னவாக இருக்கிறதோ அதைப் பேச வேண்டும். என்னவாக இருந்திருக்கலாம் என்பதைப் பேசக் கூடாது என்பது இன்னொரு நெறி. "இதில் வரைபடம் ஒன்று சேர்த்திருக்கலாம்" என்பது பதிப்பாசிரியரின் பேச்சு. "என் பேரனுக்கு இது மிகவும் பிடித்தது" என்பதும் சான்றாகாது. பேரன் எந்த விரிப்பில் எதைக் கவனித்தான் என்று சொன்னால் சான்றாகும்.

நூல்களை எடுத்துக்கொள்ளும் வரிசையை நடத்துநர் குலுக்கல் மூலம் முடிவுசெய்வது நல்லது. முதலில் வருவதற்கு அதிக நேரமும் கடைசியில் வருவதற்குக் களைப்பும்தான் கிடைக்கும் என்பதால், ஒவ்வொரு நூலுக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்கிக் கடிகாரத்தைப் பார்த்து நடத்துங்கள்.

10. வாக்களிப்பும் எண்ணிக்கையும்

கால்டெகாட் குழுவில் 15 பேர். ஒவ்வொருவரும் மூன்று நூல்களை வரிசைப்படுத்தி மறைவாக எழுதித் தருவார்கள். முதலிடத்துக்கு 4 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 3, மூன்றாம் இடத்துக்கு 2. வெல்லும் நூலுக்குக் குறைந்தது 8 முதலிட வாக்குகள் வேண்டும். அடுத்த நூலைவிடக் குறைந்தது 8 புள்ளிகள் கூடுதலாகவும் இருக்க வேண்டும்.

ஒரு நூல் 8 முதலிடம், 2 இரண்டாமிடம், 1 மூன்றாமிடம் பெற்றால் 40 புள்ளி. இன்னொன்று 5 முதலிடம், 4 இரண்டாமிடம், 2 மூன்றாமிடம் பெற்றால் 36 புள்ளி. முதல் நூலுக்கு வேண்டிய முதலிட வாக்குகள் இருந்தும், இடைவெளி 4 மட்டுமே என்பதால் அது வெல்லவில்லை. குழுவில் பாதிப் பேர் கொண்டாடி மறுபாதி ஏற்காத நூல் வெல்லாமல் தடுப்பதற்கே இந்த இரட்டை நிபந்தனை. சிறிய குழுவில், பாதிக்கு மேற்பட்ட முதலிட வாக்குகளும் அதே எண்ணிக்கையிலான புள்ளி இடைவெளியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 பேர் என்றால் 5 வாக்கும் 5 புள்ளியும்.

வெற்றி கிட்டாவிட்டால் உடனே மறுவாக்கு எடுக்காதீர்கள். எஞ்சிய நூல்களை மீண்டும் விவாதித்த பிறகே அடுத்த சுற்று நடக்க வேண்டும். விவாதமின்றி எடுக்கும் மறுவாக்கில் பிடிவாதமோ சலிப்போதான் முடிவைத் தீர்மானிக்கும். இரண்டாம் சுற்றில் மனம் மாறுவதைப் புதியவர்கள் தோல்வியாக நினைக்கிறார்கள். மற்றவர் காட்டிய விரிப்பைப் பார்த்து மாறியதென்றால், அது முறையான மாற்றமே என்று நடத்துநர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பதக்க நூல் முடிவான பிறகே, அதற்கு அடுத்த நிலையில் பாராட்டப்படும் சிறப்பு மதிப்பு நூல்களைப் பற்றிப் பேச வேண்டும். அவற்றைத் தருவதா, எத்தனை தருவது என்பதைக் குழுவே தீர்மானிக்கலாம். எண்ணிக்கைக்குக் கட்டாயம் ஏதுமில்லை. கடைசிச் சுற்றின் புள்ளிவரிசையில் அடுத்து நிற்பவற்றை எடுத்துக்கொள்ளலாம், அல்லது வென்ற நூலை விலக்கிவிட்டு ஒருமுறை புதிதாக வாக்கெடுக்கலாம். வென்ற நூலுக்குப் போன முதலிட வாக்குகள் வேறு நூல்களுக்குப் பகிர்ந்து வர வாய்ப்பு கிடைப்பதால், ஒத்திகை அமர்வுகளுக்கு இரண்டாவது வழியையே பரிந்துரைக்கிறேன். எந்த வழி என்பதை எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன்பே முடிவுசெய்து, வாக்குச்சீட்டு கொடுக்கும்போதே குழுவுக்கு அறிவித்துவிடுங்கள்.